மூன்று படகுகள், ஒரே வளைவு

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கொழுந்தியாள் எழுதுவது. அக்கா நன்றாக இருக்கிறாள். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். தண்ணீர்க் குழாயை நானே மாற்றிவிட்டேன், இப்போது ஒழுகவில்லை.

உங்கள் கடிதம் வந்தது. நாலு வரி. மீன் கிடங்கில் பெட்டி அடுக்குகிறீர்கள், குளிர் பழகிவிட்டது, எல்லோரையும் கேட்டதாகச் சொல், அவ்வளவுதான். பதினொரு மாதத்தில் நீங்கள் எழுதியது எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு பக்கம் வராது. நான் அப்படி எழுதப் போவதில்லை. நிலையத்தில் இந்த வாரம் நடந்ததை முழுக்கச் சொல்லியாக வேண்டும்.

நம் மீட்பு நிலையத்துக்குப் புதுக் காற்றுப் படகுகள் வாங்கப் போகிறார்கள். எதை வாங்குவது என்று பார்க்க மூன்று படகுகளை ஏரியில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டு ஓட்டிப் பார்த்தோம். ஒன்று நம் பழைய பலகைத் தரைப் படகு, உங்கள் எருமை. இன்னொன்று தரையும் காற்றால் ஆனது. நம் ஆட்கள் அதற்கு மெத்தை என்று பேர் வைத்துவிட்டார்கள். மூன்றாவது அடிப்பாகம் கெட்டியானது, சுற்றிலும் மட்டும் காற்றுக் குழாய். தள்ளுவண்டி இல்லாமல் நகராது, ஆறு பேர் சேர்ந்து இறக்கிவிட வேண்டும், விறைப்பாக உட்கார்ந்திருக்கும். அதற்கு மாப்பிள்ளை என்றுதானே பேர் வைக்க முடியும்?

ஓட்டியது தொப்பை அண்ணன். உங்களிடம் படகு பழகியவர் என்பதால் கொஞ்சம் அலட்டல். கணக்கு எழுத நான். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் பளபளக்கும் காலணியோடு வந்தார். ஏரிக்கரைச் சேற்றைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். "ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரு சுத்து சுத்திட்டு வந்தா போதும்மா, நேரத்தைக் குறிச்சுக்கோ" என்றார். வெள்ளத்தில் ரெண்டு பேர் மட்டும் ஏறுகிற படகை நான் பார்த்ததில்லை என்றேன். சரி, மணல் மூட்டை வையுங்கள் என்றார். மணல் மூட்டை பயப்படாது சார், எழுந்து நிற்காது, ஒரே பக்கமாகச் சாயாது என்று சொன்னேன். தொப்பை அண்ணன் என் முதுகில் இடித்து, "வாயை மூடு பாப்பா, வேலை போயிடும்" என்று முணுமுணுத்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு நாள் நிற்காதவர்கள்தான் எந்தத் தெருவுக்கு எந்தப் படகு என்று முடிவு செய்கிறார்கள். தண்ணீர் வருகிற தெருவில் இருப்பவர்களை யாரும் கேட்பதில்லை.

நான் கேட்டேன். ஆற்றோரத் தெருவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஆறாவது ஆளாக வந்தவர், போன வெள்ளத்தில் எருமை பாலத்தூணில் மோதியபோது நாம் பறிகொடுத்த தையல்காரரின் மனைவி. நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டே, "அன்னிக்கு யாரு எங்க உட்கார்ந்தோம்னு எனக்குத்தாம்மா தெரியும்" என்றார். எல்லோரையும் அதே மாதிரி உட்கார வைத்தார். முன்பக்க இடது ஓரத்தில், அவர் கணவர் இருந்த இடத்தில், தானே உட்கார்ந்தார். விசாரணை அன்று அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலிகூடக் கொடுக்கவில்லை என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மூன்று படகுக்கும் ஒரே மோட்டார், ஒரே ஆட்கள், ஒரே வேகம். இரண்டு மிதவை போட்டோம். நேராக வந்து முதல் மிதவையில் இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும்போது படகு பக்கவாட்டில் எவ்வளவு வழுக்கிப் போகிறது என்பதை முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்தேன். முடிச்சுக்கு முடிச்சு ஒரு முழம்.

மாப்பிள்ளை இரண்டு முடிச்சுதான் வழுக்கியது. தண்டவாளத்தில் போவது போல் திரும்பியது. வேகத்திலும் அதுதான் முதல். ஆனால் ஆற்றோரத் தெருவுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது; மூலை திரும்பினால் சுவரில் முட்டும். மெத்தையை இரண்டு பேர் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். காற்றடித்தால் மூக்கை ஆட்டுகிறது, அலையில் குதிக்கிறது, உட்கார்ந்தவர்களின் பின்பக்கம் எல்லாம் ஈரம். இருந்தாலும் நான்கு முடிச்சில் திரும்பிவிட்டது. எருமையில் ஏறுவதுதான் சுலபம், வயதானவர்கள்கூட வயிற்றை வைத்துப் புரண்டு உள்ளே வந்துவிடலாம். ஆனால் வளைவில் அது ஒன்பது முடிச்சு வழுக்கியது. நடுவில் மடங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. பாலத்தூண் அங்கே இருந்திருந்தால் மோதியிருக்கும்.

"அப்போ படகுதான் கோளாறு, அத்தான் மேல தப்பில்ல" என்று எனக்குள் ஒரு துள்ளல். உங்கள் கோப்பில் எழுதியிருக்கும் 'ஓட்டியவரின் கவனக்குறைவு' என்ற இரண்டு வார்த்தையை அடித்துவிடலாம், நீங்கள் திரும்பி வரலாம் என்று நினைத்தேன். அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தேன் அத்தான். பொய் சொல்லவில்லை.

அப்புறம் தொப்பை அண்ணன் எருமையின் குழாயை அழுத்திப் பார்த்துவிட்டு, "பாப்பா, தொளதொளன்னு இருக்கே, நீ காத்து அளந்தியா இல்லையா?" என்றார். முந்தின நாள் மதியம் நிலையக் கிடங்கில் மூன்றுக்கும் காற்றடித்து அளந்தவள் நான்தான். முள் பச்சைக் கோட்டில் நின்றது. இப்போது அளந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மற்ற இரண்டிலும் குறைவுதான், ஆனால் குழாயின் விறைப்பை மட்டும் நம்பித் திரும்புவது எருமைதான். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேடினேன். ஓட்டை எங்கேயும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே, மதிய வெயிலில் விம்மியிருந்த காற்று, விடியற்காலையின் குளிர்ந்த தண்ணீரில் சுருங்கிவிட்டது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். பரீட்சையில் மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்.

காற்றடிக்கும் கால் பம்பு கிடங்கு அலமாரியில் இருந்தது. பம்பு கிடங்கின் பொருள், படகோடு போகக் கூடாது என்று சட்டம். கையெழுத்துப் போடாமல் எடுத்து வந்தேன். தண்ணீரில் மிதக்கும்போதே எருமைக்குக் காற்றடித்தோம். அதே ஆட்கள், அதே வேகம், அதே வளைவு. நான்கு முடிச்சு. மெத்தையைப் போலவே திரும்பியது. தையல்காரரின் மனைவி இறங்கி வந்து கயிற்றைக் கையில் வாங்கி, முடிச்சுகளைத் தானே எண்ணிப் பார்த்தார். "அன்னிக்குக் காத்து அடிச்சது யாரும்மா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுக் கரையோரமாக நடந்து போனார். திட்டியிருக்கலாம்.

அத்தான், இதற்கு மேல் எழுதப் போவது நேற்று வரை உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

அன்று விடிகாலை மழையில் படகை இறக்கும்போது நீங்கள் குழாயில் கை வைத்துப் பார்த்தீர்கள். "பாப்பா, கொஞ்சம் மெத்துனு இருக்கே, ஒரு தடவை பார்த்துடேன்" என்றீர்கள். அலமாரியைத் திறந்து, பம்பை எடுத்து, பதிவேட்டில் எழுதி, மறுபடி வைக்கிற எரிச்சலில், "நேத்து மதியம்தான் அளந்தேன், பச்சையில நின்னுச்சு, உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம், போங்க அத்தான்" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே போனீர்கள்.

விசாரணையில், புறப்படுமுன் காற்றைச் சரிபார்த்தீர்களா என்று கேட்டார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "பார்த்தேன், சரியா இருந்துச்சு, நான்தான் வேகமா திருப்பிட்டேன்" என்றீர்கள். எனக்கு வேலை கிடைத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். பயம். அதற்கு வேறு பேர் வைத்து அழகுபடுத்த எனக்கு வரவில்லை. பதினொரு மாதமாக அதிகாரிகளைத் திட்டித் திட்டி என் நாக்கை வளர்த்துக்கொண்டேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது எழவில்லை.

நேற்று சாயங்காலம் அக்காவிடம் சொல்லிவிட்டேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். "அவருக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். "அவரை ஊரை விட்டு ஓடின கோழைன்னு இந்த வாயால எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்கடி" என்றாள். இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. உங்களுக்கும் அவளிடம் நன்றாகக் கிடைக்கும், தயாராக இருங்கள்.

என்னைத் தடுக்க வேண்டாம். கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அது கைமீறிப் போயிருக்கும். இன்று காலையே நிலைய அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். அளவு, முடிச்சு, மதியம் அளந்தது, நீங்கள் கேட்டது, நான் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு படகிலும் ஒரு பம்பு போக வேண்டும், தண்ணீரில் இறக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும் என்றும் எழுதினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "படகைப் பத்தி மட்டும் எழுதிக் குடும்மா, மத்ததைக் கிழிச்சுடலாம், உனக்கு வயசு இருக்கு" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நகல் ஒன்றைத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். மாப்பிள்ளையைத்தான் வாங்குவார்கள் என்று தோன்றுகிறது, புகைப்படத்தில் அதுதான் எடுப்பாக இருக்கிறது. அதற்கும் சண்டை போடுவேன், வேலை இருந்தால்.

பிறகு அதிகாரியே தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசித் தேதி வாங்கினார்: வரும் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு மறுவிசாரணை. உங்களுக்கும் அழைப்பு வரும். தையல்காரரின் மனைவியும் வருகிறார். அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். போடாவிட்டால் என்னுடையதைக் கொடுப்பேன்.

வராமல் இருந்துவிடாதீர்கள். நான் எழுதியது பொய், சின்னப் பெண், குற்ற உணர்ச்சியில் உளறுகிறாள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்கள் சந்தோஷமாக நம்பிவிடுவார்கள். அவர்களுக்கு அதுதான் சுலபம். நீங்கள் அப்படிச் சொல்லக்கூடியவர் என்பதுதான் என் பயமே. அந்த அம்மாவின் முன்னால் நீங்கள் எனக்காக இரண்டாவது முறை பொய் சொல்ல வேண்டாம் அத்தான். அன்று நான் சொன்னதை, சொன்ன மாதிரியே சொல்லுங்கள். "போங்க அத்தான்" என்றதையும் விட்டுவிடாதீர்கள்.

பத்திரமாக வாருங்கள்.

உங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட
பாப்பா