மெர்லின் பின்வரிசையில்

யூன் 7, ஞாயிறு

சோளகக் காற்று பேயாய் அடிக்கிறது. கூட்டக் கூட்ட முற்றத்தில் மணல். மாலையில் நற்கருணைப் பவனி. மெர்லினுக்கு வெள்ளைச் சட்டை, புதுச் சப்பாத்து, பூத்தூவும் பிள்ளைகளில் முன்வரிசை. ஒன்பது வயதுக்கு அந்த நடையைப் பார்க்க வேணும்!

பிள்ளைகள் ஆறு பேர். மணி அடித்ததும் பின்னால் வரும் நற்கருணையின் பக்கம் திரும்பி, குனிந்து, பூத் தூவ வேண்டும். நான் வேலிக்கரையில் போனும் கையுமாக, கட்டாரில் இருக்கிற மெர்லினின் அப்பாவுக்கு அனுப்புவதற்கு. மணி அடித்தது. என்ர மகாராணி என் போனைப் பார்த்துத் திரும்பி, ஒரு சிரிப்பும் சிரித்து, பூவை என் மேல் எறிந்தாள். முன்னுக்கு நிற்பவளைப் பார்த்துச் செய்யும்படி சிஸ்டர் பழக்கியிருந்தாவாம். மற்ற ஐந்தும் அப்படியே. ஆண்டவருக்குப் போக வேண்டிய பூவெல்லாம் எனக்கு. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அப்படியிருந்தும் வீடியோவைச் சொந்தக்காரரின் வாட்ஸ்அப்பில் போட்டேன். கனடா மாமி: "தேவதை". பிரான்ஸ் சித்தப்பா: "அழகுராணி". மெர்லின் எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

யூன் 8, திங்கள்

காற்று அதே. வாங்க: சீனி, பால்மா, மெழுகுதிரி.

முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம். டீச்சர் என்ற முறையில் நான்தான் பேச்சு. பிள்ளைக்குத் தன்னைத் தனக்குப் பிடிக்க வேண்டும், ஆனால் "உன்னைப் போல ஒருத்தருமில்லை" என்று ஊட்டி வளர்த்தால் நாளைக்கு ஒரு தோல்வியைத் தாங்காது என்றேன். பயிற்சியில் சொல்லித் தந்தது. கடைசி வாங்கில் இருந்த ஒரு தாய்: "டீச்சர், நேற்றுப் பூ நல்லா விழுந்ததோ?" கூட்டம் கலைந்தது சிரிப்பில். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. ஊருக்குத்தான் உபதேசம்.

யூன் 12, வெள்ளி

சிஸ்டர் சொல்லிவிட்டா. மாதக் கடைசியில் கோயில் திருநாள்; அதற்கு முதல் நாள் வேஸ்பர் பவனியில், மாலைச் செபத்தோடு வருவதில், மெர்லின் கடைசி வரிசை. முன்னுக்குப் பவித்ரா. இந்தியா அகதி முகாமிலிருந்து போன வருசம் வந்த குடும்பத்துப் பிள்ளை, அமைதியானவள்.

மெர்லின் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள்.

"நான் பின்னுக்கு நிக்கமாட்டன். பின்னுக்கு நிண்டா என்னை ஆர் பாக்கிறது?"

சோறும் தின்னவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, சிஸ்டரிடம் போய் நாலு கேள்வி கேட்கச் சீலையும் மாற்றிவிட்டேன். வேலிப் படலை வரை போய்த் திரும்பினேன். என்னத்தைக் கேட்பது? போன வருசம் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவள் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. அப்போதும் நான் நடுவரைத்தான் திட்டினேன். இந்தப் பவனியையும் விட்டால் முதலாவது இல்லாத எதையும் விட்டுவிடுவாள். அதுதான் பயம்.

யூன் 14, ஞாயிறு

பூசைக்கு வந்தாள், மறைக்கல்விக்கு வரமாட்டாளாம். வயிற்றுக்குத்தாம். பின்னேரம் ஒரு கும்பா கூழ் குடித்தது அந்த வயிறு.

இரவு அவர் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். நடந்ததைச் சொல்ல விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார், வீடியோ கனக்க வருகுது, பிள்ளை என்ன கதைக்கிறாள் என்று ஒன்றும் வருகுதில்லையே என்று. எனக்கும் தெரியாதே.

யூன் 17, புதன்

முன்பள்ளியில் நாள் முழுக்க "டீச்சர், இஞ்ச பாருங்கோ." பார்த்தால் போதும், திரும்பி விளையாடப் போய்விடுவார்கள். புகழச் சொல்லி ஒருத்தரும் கேட்பதில்லை. வீட்டில் நான் என்ன செய்கிறேன்? போனைத் தூக்குகிறேன், "அழகி" என்கிறேன், அனுப்புகிறேன். சீ.

தண்ணீர் மோட்டர் பழுது.

யூன் 20, சனி

மீன் வெட்டும்போது பக்கத்தில் வந்து குந்தினாள். "நான் பவனிக்குப் போகாட்டி உங்களுக்குக் கோபமோ?" என்று கேட்டாள்.

"கோபமில்லை. முன்னுக்கு நிண்டாலும் பின்னுக்கு நிண்டாலும் நீ என்ர பிள்ளை. ஆனா போகாட்டி எனக்குக் கவலை."

பாரை மீனின் தலை யாருக்கு என்று கேட்டாள். அவளுக்குத்தான்.

யூன் 25, வியாழன்

பவனிப் பழக்கத்துக்குப் போனாள். நான் போகச் சொல்லவில்லை. திரும்பி வந்து ஒரே புறுபுறுப்பு: பவித்ரா கெதியாய், ஓட்டமாய் நடக்கிறாள், கூடை பிடிக்கத் தெரியாது, இது தெரியாது, அது தெரியாது. புறுபுறுக்கட்டும். போனாளே! எனக்கு அது பெரிய சந்தோசம். அவளுக்கு ஒரு முட்டை கூடுதலாய்ப் பொரித்தேன்.

யூன் 28, ஞாயிறு

காற்றுக் கொஞ்சம் அடங்கியது. காலையில் கடதாசிப்பூ, செவ்வரத்தை எல்லாம் அவளே பறித்தாள். போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மாலைப் பவனிக்குச் சனத்தோடு சனமாய் வேலிக்கரையில் நின்றேன்.

மணி அடித்தது. முன்னால் பவித்ரா திரும்பினாள், எல்லாரும் திரும்பினார்கள். மெர்லினின் கண் ஒருக்கால் என்னைத் தேடியது. பிறகு குனிந்தாள். பாதிப் பூ காற்றோடு போனது. கவனிக்காமல் அடுத்த பிடியை அள்ளினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போதுதான் படுத்தாள். நுளம்புவலைக்குள்ளிருந்து கேட்டாள்:

"அம்மா, ஏன் என்னைப் படம் எடுக்கேல்லை?"

"உன்னைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"முழுக்கவோ?"

"ஓம், முழுக்க."

மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.