கப்பலில் விட்டுவந்த அப்பா

டோங்காங்,
ஜூன் மாதக் கடைசி.

அன்பு மகள் பெய்ஷானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை சுகம், அத்தையின் மூட்டுவலியும் அவளை விட்டுப் போகாமல் சுகமாகவே இருக்கிறது. அங்கே ராட்டர்டாமில் நீயும் உன் ரூபெனும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று கடல்தாய் மாத்ஸூவுக்கு ஊதுவத்தி ஏற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாமே, ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நான் உடனே சாப்பாட்டுப் பேச்சுக்குத் தாவிவிடுவேன். நாலு வகுப்பு படித்தவள் எழுத்து நண்டு நடந்த மாதிரிதான் இருக்கும், பிழை திருத்தாமல் படி.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். அத்தையோடு கோயில் சுற்றுலா போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, நாங்கள் போனது வடகோடியில் இருக்கும் கீலுங் துறைமுகத்துக்கு. அங்கிருந்து உல்லாசக் கப்பல் ஏறி இஷிகாகி தீவுப் பக்கம் போய் வந்தோம், உல்லாசத்துக்கு அல்ல, உன் அப்பாவைக் கூட்டி வர. அக்டோபரில் உனக்குக் கல்யாணம். மாடத்தில் அப்பா பெயர் எழுதிய பலகை பதினோரு வருஷமாகப் பெயரோடு மட்டும் நிற்கிறது, கடலில் போன ஆள் இன்னும் அதில் வந்து சேரவில்லை. வெறும் பலகையைக் கும்பிட்டுவிட்டு நீ மணப்பெண்ணாகப் படியிறங்குவதை என்னால் பார்க்க முடியாது. உன்னிடம் ஏன் மறைத்தேன் என்பது உனக்கே தெரியும். அப்பாவின் படகைக் கடல் கொண்டுபோன அந்தப் புயலுக்குப் பிறகு நம் கடற்கரையில் பூசாரி மணியடிக்க, பதினேழு வயதில் நீ நின்று அப்பா வா அப்பா வா என்று பொழுது சாயும் வரை கூப்பிட்டாய், குரலே போய்விட்டது, குறி கேட்டுப் போடும் இரண்டு பிறைக்கட்டைகளும் ஒரு தடவைகூட ஆம் என்று விழவில்லை. இனிமே என்னைக் கூப்பிடச் சொல்லாதம்மா என்று காற்றாக வந்த குரலில் சொன்னாய். இனி உன்னைக் கூப்பிடச் சொல்வதில்லை என்று அன்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

இந்தத் தடவை பூசாரி சொன்னது, "படகு போன இடத்துக்கே போய்க் கூப்பிடுங்க, வருவாரு. ஆனா ஒவ்வொரு வாசல்லயும் ஒவ்வொரு பாலத்துலயும் வாயைத் திறந்து சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வரணும். சொல்லாம விட்டீங்கன்னா அங்கயே நின்னுடுவாரு." உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தானே, கடைக்கு அனுப்பினால் எதை வாங்க என்று வாசலிலிருந்து நாலு தடவை கேட்பார்.

கப்பலுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கீலுங் போய்ச் சேர்ந்தோம். அங்கே மழை விடுவதே இல்லை, பருந்துகள்கூட நனைந்துகொண்டுதான் துறைமுகத்துக்கு மேலே வட்டமிடுகின்றன. காவ் என்கிற அம்மாள் நடத்தும் சின்ன விடுதி, ஜன்னலைத் திறந்தால் தெருக்கோடியில் அடுக்குமாடி வீடு மாதிரிக் கப்பல். அத்தை அதைப் பார்த்துவிட்டு உன் அப்பாவை நினைத்து, "கிம்ஹாய் இம்மாம்பெரிய கப்பல்ல போயிருந்தா திரும்பி வந்திருப்பான்டி" என்றாள். அதற்கப்புறம் கோயில் வாசல் கடையில் வாங்கிய மீன் உருண்டை சூப் எங்கள் இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

கப்பலில் இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரம், பூசாரி குறித்துக் கொடுத்த இடம் வந்தது. ஒரு பக்கம் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் குதிக்கிறார்கள், இன்னொரு பக்கம் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பாடுகிறார், நடுவில் நான் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு கூப்பிடுகிறேன். கப்பலில் நெருப்பு கூடாது என்பதால் ஊதுவத்தியைப் பற்றவைக்காமலே பிடித்திருந்தோம். கட்டையைப் போட்டேன், ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. ஆம். வந்துவிட்டார். அத்தை தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அதிலிருந்து நான் வாயை மூடவில்லை. இது படி, காலைப் பார்த்து வை. இது நம்ம அறை, அந்த மூணாவது கட்டில் உனக்கு. இது சாப்பாட்டுக் கூடம், அதுக்காக எல்லாத்தையும் தட்டுல அள்ளாதே. பணியாளர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

பிறகு நடந்ததை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. கீலுங்கில் இறங்குகிற வரிசையில் நின்றபோது ஒரு மோப்ப நாய் வந்து உன் அத்தையின் பை பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது. கப்பலில் காலையில் கொடுத்த பன்றிக்கறி வைத்த பன் இரண்டைத் துண்டில் சுருட்டி வைத்திருக்கிறாள். நாட்டுக்குள் வெளியிலிருந்து கறி கொண்டுவரக் கூடாது என்று தெரியாதவளா அவள்? அதிகாரி கேட்க, இவள் உளற, நான் கெஞ்ச, எல்லாம் முடிந்து விடுதிக்கு வந்து சட்டையை விரித்து, வந்துட்டியா என்று கேட்டுக் கட்டையைப் போட்டால் இரண்டும் குப்புற. இல்லை என்கிறார். மூன்று தடவையும் இல்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இறங்கு என்று நான் சொல்லவே இல்லை, பெய்ஷான். மனுஷன் அந்த மூன்றாவது கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார், கப்பல் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சாயங்காலமே கிளம்புகிறது.

ஓடினோம். வாசலில் ஒரு காவலாளி, என் வயதுதான் இருக்கும். என் புருஷனை உள்ளே விட்டுட்டு வந்துட்டேன் என்றேன். பதறிப்போய்ப் பட்டியலை எடுத்து, "பேர் சொல்லுங்கம்மா" என்றார். "அதுல இருக்காதுங்க, அவர் போய்ப் பதினோரு வருஷமாச்சு" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "உள்ளே விட எனக்கு உரிமை இல்லக்கா. நாலாம் நாள் காலையில இதே கப்பல் வரும். வாசல் கம்பி வரைக்கும் நான் விடுறேன்" என்றார்.

அந்த நாலு நாள் இருந்ததை எப்படிச் சொல்வேன். அந்த அறையில் புதுசாக யாராவது கல்யாணமான ஜோடி ஏறியிருந்தால் இவர் கூச்சப்பட்டு நடையில் நிற்பாரே என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் கப்பல் மறுபடியும் அதே கடல் வழியாகப் போகும், கூப்பிட ஆளில்லாமல் அங்கேயே இறங்கிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றது. அத்தை கறியைத் தொடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. காவ் அம்மாள் இஞ்சித் தேநீர் கொண்டுவந்து வைத்து, "ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருந்தா அவர் வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவாரு" என்று திட்டினாள். மழையில் மீன் சந்தைக்குப் போவோம், ஒன்றும் வாங்காமல் திரும்புவோம்.

நாலாம் நாள் காலையில் கப்பல் வந்தது. பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஜனங்கள் வெளியே வருகிறார்கள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தை விட்டுக் கத்துகிறேன், கிம்ஹாய், இது கீலுங், இறங்கு. ஈரத் தரையில் கட்டையைப் போட்டேன். இரண்டும் மல்லாக்க. சிரிக்கிறார், பதில் சொல்ல மாட்டேன் என்கிறார். மறுபடியும் அதே. அத்தை என் தோளைப் பிடித்து, "உன் பேச்சை அவன் என்னைக்குடி கேட்டான்? பிள்ளை கூப்பிட்டாத்தான் வருவான். போனைப் போடு" என்றாள். போனைக் கையில் எடுத்துவிட்டேன். அங்கே நீ தூங்கிக்கொண்டிருப்பாய். எழுப்பினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் கூப்பிட்டிருப்பாய், அது எனக்குத் தெரியும், அதனால்தான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அவரிடம் சொன்னேன், "பிள்ளையை எழுப்ப மாட்டேன். தொண்டை போற வரைக்கும் அவ ஒரு தடவை கூப்பிட்டாச்சு. இனிமே அவ கூப்பிட மாட்டா, நான் கூப்பிடச் சொல்லவும் மாட்டேன். நான் சொல்றதைக் கேட்டு வர்றதுன்னா வா." மூன்றாவது தடவை போட்டேன். ஒன்று இப்படி, ஒன்று அப்படி.

காவலாளி எட்டிப் பார்த்து, "வந்துட்டாராக்கா? அப்போ கொஞ்சம் ஒதுங்குங்க, டாக்ஸி நிக்குது" என்றார். தெற்கே வருகிற ரயில் பாதையில் எத்தனை பாலம் என்று இப்போது என்னைக் கேட்டால் சொல்வேன், அத்தையும் நானும் முறைவைத்துச் சொல்லிக்கொண்டே வந்தோம். நம் வாசலில், கதவைப் பச்சையாக மாத்திட்டேன், வீடு அதேதான் என்றேன். பூசாரி ஊதுவத்தியைப் பலகைக்கு முன்னால் நட்டுவிட்டுக் கடைசியாக ஒரு தடவை கட்டையைப் போட்டார், ஆம்.

இப்போது நான் சொல்வதை மெதுவாகப் படி. அன்றைக்கு உன் குரலில் ஒரு குறையும் இல்லை. ஒரு கப்பலிலிருந்து இறங்க இத்தனை தடவை சொல்ல வேண்டிய மனுஷன், அத்தனை தூரத்துக் கடலிலிருந்து டோங்காங் கரைக்கு எப்படித் தனியாக வழி கண்டுபிடித்து வருவார்? நீ சரியாகத்தான் கூப்பிட்டாய், அவருக்குத்தான் எட்டவில்லை. பதினோரு வருஷமாக இதை நீ யாரிடமும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று அம்மாவுக்குத் தெரியும், இனி இறக்கி வை.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் பேச்சை ஒருவர் முதல் தடவையிலேயே கேட்டு, மனம் நிறைந்து வாழ வேண்டும். அக்டோபரில் குளிர் இருக்காது, தடித்த கோட்டு வேண்டாம். ரூபெனிடம் சொல், மாடத்து விளக்கு தாழ்வாகத் தொங்குகிறது, அவர் உயரத்துக்குக் குனிந்துதான் வர வேண்டும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். வந்து கும்பிட்டால் போதும், அப்பா வீட்டில் இருக்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சூஹியாங்