மூன்றாம் விதி

இன்று காலை எங்கள் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில், கார் பழக வந்த பெண்ணொருத்தி நடுச்சரிவில் நின்றுபோனாள். மூன்று தரம் எடுத்துப் பார்த்தாள். மூன்று தரமும் வண்டி குலுங்கி அணைந்தது. பக்கத்தில் இருந்த பயிற்றுநர் பொறுமையானவர். ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாவது தரம் என்ஜின் இரைந்து, வண்டி ஊர்ந்து மேலே போய்விட்டது. அவள் போன பிறகும் கருகிய கிளச்சின் மணம் எங்கள் கேற்றடியில் நின்றது. வசந்தி யன்னலைச் சாத்தினாள். நான் அங்கேயே நின்றேன். இந்த மணம் எங்கே வந்தாலும் நீ கண்ணாடியை இறக்கி, "அந்தக் கிளச் என்ன பாவம் செஞ்சிச்சு" என்று கேட்பாய்.

நீ போய் இது இரண்டாவது வருடம். உனக்கு நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு காலைகளில் உட்துறைமுக வீதியோரம் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். எல்லாரிடமும் ஏதோவொரு பழைய ஜப்பான் கார் இருந்தது. பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் குடிப்போம். தேநீர் முடிந்த பிறகும் கதை முடியாது. நான் அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதிப் பழகிய எழுதுவினைஞன். நீ கிண்ணியாவிலிருந்து தயிர்ச் சட்டிகளை வான் வண்டியில் அடுக்கி, கண்டிவரை கொண்டுபோய்க் கொடுக்கிற வியாபாரி. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கார்ப் பைத்தியம் ஒன்றுதான். அது போதுமாக இருந்தது.

எங்கள் ஓயாத வாதம் கியரைப் பற்றியது. மனுவல் ஓடுகிறவன்தான் சாரதி, ஓட்டோமேட்டிக் ஓடுகிறவன் ஸ்டியரிங் பிடித்த பயணி என்பது நம்முடைய கட்சி. அதை மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் நீ. "ஓட்டோமேட்டிக்ல போறத்துக்கு நான் பஸ்ஸிலயே போவன். கொண்டக்டரோடயாவது கதைக்கலாம்" என்பாய்.

சித்திரை விடுமுறையில் ஒரு போட்டி வைப்போம். எங்கள் வீட்டுக்கு மேலே ஏறுகிற முட்டுச்சந்துதான் களம். கார் சரிவின் நடுவில் நிற்கவேண்டும். பின்சில்லுக்குப் பின்னால் ஒரு நெருப்புப்பெட்டியை ஒட்டி வைப்போம். வண்டி ஒரு விரற்கடையும் பின்னுக்கு உருளாமல், பெட்டி நசுங்காமல் மேலே எடுக்கவேண்டும். தொடர்ந்து மூன்று வருடம் நீ வென்றாய். மூன்று வருடமும் நான் இரண்டாவது. விதிகளை எழுதியவன் நான். மூன்றாம் விதி, 'மனுவல் கியர் வாகனங்கள் மட்டும்.' அதை வாசித்துக் காட்டியபோது நீதான் முதலில் கைதட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய்.

பிறகு உன் இடது பாதத்தில் அந்தக் காயம் வந்தது. செருப்பு உரஞ்சிய சின்னக் காயம் என்றுதான் சொன்னாய். உனக்குச் சீனி வருத்தம் இருந்ததை நாங்கள் எல்லாரும் அறிவோம். நீ மட்டும் அதை அறியாதவன் மாதிரி நடந்துகொண்டாய். விரலில் தொடங்கி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆறேழு மாதம் ஞாயிறுகளில் நீ உட்துறைமுகப் பக்கம் வரவில்லை. வானை உன் தம்பியிடம் கொடுத்தாய். பழைய காரையும் விற்றுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த சித்திரையில், போட்டியன்று காலை, வெள்ளை நிறச் சின்ன ஓட்டோமேட்டிக் கார் ஒன்று எங்கள் சரிவில் ஏறி வந்தது. அதிலிருந்து நீ இறங்கினாய். போலிக்காலுக்குச் சப்பாத்து மாட்டியிருந்தாய், ஊன்றுகோல் இல்லை. மருத்துவச் சான்றிதழ் கொடுத்துச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மாற்றிய கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். பிறகு, பெயர்ப்பட்டியலோடு மேசையில் இருந்த என்னிடம் வந்தாய்.

"என்ட பேரையும் போடு மச்சான்."

நான் தாளைப் பார்த்தேன். "மூண்டாம் விதி இருக்கு மச்சான்" என்றேன்.

சுற்றி நின்றவர்களில் இரண்டொருவர் "பரவாயில்ல, விடுங்கோ" என்றார்கள். நான் நிமிரவில்லை. "ஒருத்தருக்காக மாத்தினா விதி எண்டு எழுதி என்ன பிரயோசனம்?" என்றேன். அலுவலகத்துக் குரல் அது. எனக்கே கேட்டது.

நீ கோபிக்கவில்லை. "ஓம். நானும் ஒப்பம் வெச்சதுதானே" என்றாய். நிழலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் போய் உட்கார்ந்து நாலைந்து பேர் ஏறும்வரை பார்த்தாய். என் முறை வந்தபோது திரும்பிப் பார்த்தேன், கதிரை வெறுமையாக இருந்தது. அந்த வருடம் கிண்ணம் எனக்குத்தான் கிடைத்தது. அதை வசந்தி அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

இரண்டு மாதமாக நீ எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் வசந்திக்குக் கண்டியில் வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தது. போகும்போது என் காரில்தான் கூட்டிக்கொண்டு போனேன். மாத்தளை தாண்டிய வளைவுகளில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததை நான் நோயின் வலி என்று நினைத்தேன். சிகிச்சை முடிந்து ஆறாம் நாள், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, அவள் என் கையைப் பிடித்தாள்.

"கோவிக்காதேங்கோ. உங்கட ஓட்டத்தில, இந்தத் தையலோட என்னால வர ஏலாது."

"நான் ஆறுதலா ஓடுவன்."

"ஆறுதலா ஓடினாலும் நீங்கள் குலுக்கித்தான் ஓடுவியள். ஒவ்வொரு கியருக்கும் எனக்கு ஒரு இடி. இருபத்தாறு வருசமா இருக்கிறன், எனக்குத் தெரியாதே."

அவள் அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. காய்ச்சல் எத்தனை பாகை என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு முகம் சூடாகியது.

"அப்ப ஆரோட வரப்போறாய்?"

"நானாவைக் கேளுங்கோ." அண்ணன் என்ற முறையில் உன்னைத்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள்.

"நீயே கேளன்."

"நான் கேட்டா உடன வருவார். ஆனா அண்டைக்கு அவரைத் திருப்பி அனுப்பினது நானில்லையே. நீங்கள் கேளுங்கோ."

வாட்டுக்கு வெளியே, படிக்கட்டில் நின்று உன் இலக்கத்தை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தாய்.

"என்ன மச்சான், தங்கச்சிக்கு எப்பிடி இரிக்கி?"

உனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "நாளைக்கு ஆஸ்பத்திரியால வீட்ட அனுப்புவினம். உன்ட காரில... நீ வர ஏலுமா?" என்று கேட்டேன்.

நான் படிகளை எண்ணினேன்.

"ஒம்பது மணிக்கு வாசல்ல நிப்பன். தலகாணி ரெண்டு எடுத்து வை" என்றாய்.

நீ எட்டரைக்கே நின்றாய். என் கார் ஆஸ்பத்திரிக்கு அருகே தெரிந்தவர் வீட்டு வளவில் கிடந்தது; பிறகு வந்து எடுக்கலாம் என்று விட்டேன். வசந்தியைப் பின் இருக்கையில் சாய்த்துவிட்டு நான் முன்னால் இடதுபக்கம் ஏறினேன். உண்மையைச் சொன்னால், பிழை பிடிக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டி நெரிசலில் நின்று நின்று போகவேண்டியிருந்தது. நிறுத்தும் தறுவாயில் பிரேக்கை இன்னும் அழுத்துவது என் பழக்கம். நீயோ, வண்டி நிற்க ஒரு முழம் இருக்கும்போது பாதத்தை மெல்லத் தளர்த்தினாய். எப்போது நின்றோம் என்று உடம்புக்குத் தெரியவில்லை. இறக்கங்களில் லீவரை ஒரு படி கீழே இழுத்து, வண்டியை என்ஜினே பிடித்துக்கொள்ள விட்டாய். வளைவுக்குள் போன பிறகு நீ பிரேக்கைத் தொட்டதை நான் காணவில்லை. எல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்திருந்தது.

என் இடது கால் ஒவ்வொரு வளைவிலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. நீ வீதியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்: "மச்சான், உன்ட பக்கம் கிளச் இல்ல."

பின்னால் வசந்தி சிரித்துவிட்டு, "சிரிக்க வையாதேங்கோ நானா, நோகுது" என்றாள். புறப்பட்டபோது வயிற்றோடு தலையணையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். தம்புள்ளை வந்தபோது ஒரு கைதான் பிடித்திருந்தது.

ஹபரணை தாண்டிய காட்டு வீதியில் சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு ஒருவர் எங்களுக்கு முன்னால் போனார். நேரான வீதி, எதிரே ஒன்றுமில்லை. நீ ஏனோ வேகத்தைக் குறைத்தாய். அடுத்த நொடி அவர் கையும் காட்டாமல் வீதியைக் குறுக்கே வெட்டி எதிர்ப்பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பினார். நான் ஓடியிருந்தால் பிரேக்கில் ஏறி நின்றிருப்பேன், வசந்தி முன் இருக்கையில் வந்து மோதியிருப்பாள். நீ அவருக்கு வழிவிட்டு, அதே மெதுவோடு போய்க்கொண்டிருந்தாய்.

"உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"அவன்ட தலை முதல்ல திரும்பிச்சு. மறுகாதானே ஹேண்டில் திரும்பும்."

கந்தளாயில் தேநீருக்கு நிறுத்தினோம். வசந்தி வாய் திறந்தபடி நித்திரையாகிவிட்டிருந்தாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, நாம் இருவரும் வெளியே நின்று குடித்தோம். உனக்குச் சீனியில்லாத தேநீர். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அதனால் விதியைப் பற்றிப் பேசினேன்.

"மச்சான், அந்த மூண்டாம் விதியை நான் வெட்டிவிடுறன்."

"எனக்காக வெட்டாத." நீ கிளாசைச் சுழற்றிக்கொண்டு யோசித்தாய். "நெருப்புப்பெட்டியால ஒருத்தன்ட காலைத்தான் பாக்கலாம். ஓட்டத்தைப் பாக்க ஏலா. அதுக்கு ஏறி இரிக்கிறவன்ட வயித்தைக் கேக்கணும்."

"வயித்தை எப்பிடிக் கேக்கிறது?"

"பின் சீட்டுல ஒரு தயிர்ச் சட்டி வை. பிடிக்க ஆள் வேணாம். மலையால இறங்கி, கடற்கரையைச் சுத்தி வரட்டும். தயிர் வெடிக்காம ஆர் கொண்டுவாறானோ அவன் சாரதி. என்ன கியர் எண்டு தயிருக்குத் தெரியாதுதானே."

இருபது வருடம் வான் ஓடி நீ படித்த பாடம் அது. நாங்கள் நெருப்புப்பெட்டியோடு மினக்கெட்ட காலம் முழுவதும் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த சித்திரையில் அப்படியே நடந்தது. சட்டிகளை நீதான் கொண்டுவந்தாய். எல்லாரும் சேர்ந்து மூன்றாம் விதியைப் பேனாவால் வெட்டினோம். என் சட்டியில் தயிர் குறுக்கே இரண்டாகப் பிளந்து நீர் விட்டிருந்தது. நீ இரண்டாவதாக வந்தாய். முதலாவதாக வந்தவர், எங்கள் வாதங்களில் வாயே திறக்காத வங்கிக்காரர். அவருடையது என் காரைவிடப் பழைய மனுவல் கார். நான் உனக்காகக் கவலைப்படத் தொடங்குமுன் நீ அவரைக் கட்டிப்பிடித்துவிட்டாய். "பாத்தியா, கியரிலயும் இல்ல, காலிலயும் இல்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய். பிறகு தயிரின் மேல் இனிப்பான கித்துள் பாணியை ஊற்றிச் சாப்பிட்டோம். நீ மட்டும் பாணியில்லாமல் சாப்பிட்டாய்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம்தான். சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். கடைசியாக நான் வாட்டுக்கு வந்த அன்று பின்னேரம், உன் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நீ கண்ணை மூடியிருந்தாய். நித்திரை என்று நினைத்தேன்.

"மச்சான், அண்டைக்கு நான் சும்மா வரல்ல" என்றாய்.

"எண்டைக்கு?"

"நெருப்புப்பெட்டிக்கு. ஒரு மாசம் பழகினன். விடியச் சுபஹுத் தொழுதிட்டு, கிண்ணியாப் பாலத்து ஏத்தத்துல. என்ட பொஞ்சாதிதான் பெட்டியை வெச்சி வெச்சி எடுப்பா. ஓட்டோமேட்டிக்கும் உருளும், தெரியுமா? ஹேண்ட்பிரேக்கை எந்த நேரம் விடுறது எண்டுதான் விசயம். கடைசிக் கிழமை ஒரு பெட்டியும் நசுங்கல்ல."

நான் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியை இறுக்கினேன்.

"நீ விதிக்காகச் சொல்லல்லதானே. நான் வெண்டிருவன் எண்டுதானே பயந்த?"

உன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட குரல்தான். அப்போதும் நான் என்ன செய்தேன்? "விசர்க்கதை கதைக்காத, படு" என்று சொல்லி, உன் போர்வையை இழுத்து நேராக்கினேன். நீ சிரித்துவிட்டு மறுபக்கம் திரும்பினாய். மூன்றாம் நாள் கிண்ணியா மையவாடியில் மற்றவர்களோடு நின்று நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

நான் இப்போதும் மனுவல்தான் ஓடுகிறேன். ஆனால் நிற்க ஒரு முழம் இருக்கும்போது பாதத்தைத் தளர்த்துகிறேன். முன்னால் போகிறவரின் தலையைப் பார்க்கிறேன். பத்தில் ஏழு தரம் சரிவருகிறது. வசந்தி அதைக் கவனித்திருக்கிறாள், சொல்லமாட்டாள். இவையெல்லாம் நீ தந்தவை, வைத்துக்கொள்ள இலேசானவை. போர்வையை இழுத்துவிட்ட அந்த நிமிடம்தான் இலேசாக இல்லை.

நீ கேட்டதற்கு மறுமொழி இதுதான். ஓம் மச்சான், பயந்தனான். அந்த விதி இல்லாதிருந்தால் வேறொன்றைத் தேடி எடுத்திருப்பேன். நீ பாலத்தில் பழகினாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் காரை விட்டு நீ இறங்கி நின்ற விதத்திலேயே, அந்தப் பெட்டி நசுங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.