பாப்பாவின் கொலுசு

12.7.2007, வியாழன். ஓசூர்.

அவர் நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார். கதவைத் தாழிட்டாயிற்று. இருந்தும் இரண்டு தடவை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் சின்னவனைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே எம்.பி.ஏ. புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பாப்பா உள்ளே விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெண் மஞ்சுளா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, கொழந்த மெயின் ரோட்டாண்ட நின்னுட்டிருந்துச்சு. கம்பெனி பஸ்ஸெல்லாம் வர நேரம். நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. பாப்பாவை நான் எப்போதுமே காதால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொலுசுச் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே அவள் இருப்பாள். அந்தக் கொலுசைத்தான் போன வாரம் என் செயினோடு சேர்த்து அடகு வைத்து இரண்டாம் வருஷ ஃபீஸ் கட்டினேன். "எம்.எஸ்சி. படிச்சது போதாதா? கொழந்த கால்ல கெடக்கறதையுமா கழட்டணும்?" என்று அவர் கேட்டார். வெள்ளிதானே, மீட்டுக்கொள்ளலாம் என்றேன்.

பயத்தில் பாப்பாவின் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை.

"நான் சத்தமே போடலம்மா. நீ படிக்கறேன்னு மெதுவாத்தான் நடந்து போனேன்."

சத்தம் போடாதே, அம்மா படிக்கிறேன் என்று தினமும் சொல்வது நான்தான்.

இப்போது இருவரும் தூங்குகிறார்கள். புத்தகம் திறந்தபடி கிடக்கிறது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.