தேஞ்ச ஆக்சில்

ஐப்பசி 9, வியாழன்

அவர் நெஞ்சு வலியில போனதுல இருந்து ராத்திரி தூக்கம் வரல. அவரோட டெம்போவைப் பிரிச்சுப் போட்டிருக்காங்கன்னு இன்னைக்குப் பகல்ல ஓசூர் பட்டறைக்குப் போனேன். இனிமே என் தம்பி முனிராஜ்தான் அதுல தக்காளி ஏத்தி ஓட்டப் போறான்.

மெக்கானிக் பாஷா பின்சக்கரத்தைச் சுத்துற ஆக்சில் தண்டைத் துடைச்சு என் முன்னாடி வச்சார். "நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க அக்கா"ன்னார். ஆயில் கசியாமத் தடுக்குற சீல் வளையம் உக்கார்ற இடத்துல வளையமாத் தேஞ்சிருந்தது. நகம் மாட்டுச்சு. மாட்டினா ஆக்சிலையே மாத்தணுமாம். புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளம் வழியா ஆயில் கசிஞ்சு பிரேக்கை நனைச்சுடுமாம். இறக்கத்துல வண்டி நிக்காதாம்.

"மாமா இதுலதானே ஓட்டினாரு? சீல் மட்டும் போடு பாய், போதும்"ன்னான் முனிராஜ்.

"உங்க மாமா பள்ளத்துல சணல் சுத்தி ஓட்டியிருக்காருப்பா. நீயும் சுத்திக்கிறியா?"ன்னு பாஷா சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரல. அவர் கை பட்ட சாமான், எதையும் மாத்த வேண்டாம்னு சொல்லத்தான் போனேன். ஆனா மாத்திடுங்கன்னு சொல்லிட்டேன். முனிராஜுக்குக் கைக்குழந்தை இருக்கு.

சணல் சுத்தினார்னா அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் சானமாவு இறக்கத்துல லோடோட வந்திருக்கார். வீட்டுக்கு வந்து கை கழுவிட்டு சோறு போடுன்னுதான் சொல்வார். வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அப்போ அந்த நெஞ்சு வலி? நிஜமா அவர் போன அன்னைக்குத்தான் முதல்ல வந்துச்சா?