செக் நாட்டுக் கேள்விகள் நான்கையும் கரும்பலகையிலிருந்து அழிக்க மறுப்பது குறித்து

அனுப்புநர்:
சா. மருதையன் (வயது 48),
டீக்கடை, மதகடி,
நெடுங்கரை கிராமம், வலங்கைமான் வழி,
தஞ்சாவூர் ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்ட அதிகாரி அவர்கள்,
கோட்ட அலுவலகம்.

பொருள்: என் கடைப் பலகையை அழிக்கச் சொல்லி வந்த நோட்டீசுக்குப் பதிலும், பக்கத்து ஊரான அகரவெளியின் கீழத்தெருவில் பதினொரு நாளாகத் தடியோடு உட்கார்ந்திருக்கும் அறுபது பேரை வெளியேற்றி, நிறைமாதமாக இருக்கும் என் மகளை நான் அழைத்துவர வழிசெய்யக் கோருதலும்.

மதிப்புமிகு ஐயா அவர்களுக்கு,

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்ட மருதையன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முதலில் மனு எழுதித் தருபவரிடம்தான் போனேன். நான் சொன்னதில் பாதியை, இதெல்லாம் ஆபீசுக்குப் போகக்கூடாது என்று அடித்துவிட்டார். அடிபட்ட பாதிதான் எனக்கு வேண்டியது. ஆகவே நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். விஷயத்தில் பிழை இல்லை.

1. பண்ணையில் உழுதபோது என் கால் ஏரில் சிக்கிப் போன பிறகு மதகடியில் டீக்கடை வைத்தேன். காலை முதல் பஸ்ஸில் பேப்பர் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்காக முக்கியமான செய்தியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, தெரிந்த ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்வேன். செய்திக்குக் கீழே நான் ஒரு கேள்வி எழுதுவேன். பதில் சொல்ல வருகிறவர்கள் டீ குடிக்காமல் போவதில்லை. பண்ணை ஆட்கள் மட்டும் என் சாதியைப் பார்த்து என் கடையில் டீ குடிக்க மாட்டார்கள். ஆனால் ரோட்டில் நின்றபடி பலகையை ஒரு வரி விடாமல் படிப்பார்கள்.

2. இம்மாதம் பத்தாம் தேதி வந்த நோட்டீசில், பலகையை ஏழு நாளில் அழிக்காவிட்டால் கடையே அகற்றப்படும் என்று கண்டிருக்கிறது. இரண்டு புகார்களின் பேரில் நடவடிக்கையாம். ஒன்று விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைச் செயலாளர் ரெத்தினம் கொடுத்தது. பலகை ரஷ்யாவை இழிவுபடுத்துகிறது என்கிறார். மற்றொன்று மிராசுதார் பஞ்சநதம் அவர்கள் கொடுத்தது. பலகை தம்மை இழிவுபடுத்துகிறது என்கிறார். இருவரும் சுட்டுவது அதே நான்கு வரியைத்தான். ஒரே சட்டை ரஷ்யாவுக்கும் பஞ்சநதம் அவர்களுக்கும் அளவெடுத்தாற்போல் பொருந்தினால், தைத்தவன் மேல் குற்றமா என்பதை ஐயா அவர்களே சொல்ல வேண்டும்.

3. நடந்தது இதுதான். கடந்த ஆகஸ்டு மாதம், ரஷ்யாவும் அதன் கூட்டாளிகளும் பக்கத்து நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் பட்டாளத்தோடு நுழைந்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது. ஏன் என்று பெஞ்சில் இருந்தவர்கள் கேட்டார்கள். ரெத்தினம் சங்கத்துக்கு வந்த அச்சுத்தாளைப் பிரித்து நான்கு காரணம் படித்தார். ஒவ்வொன்றையும் எழுதி, கீழே என் கேள்வியை எழுதினேன்.

அந்த நாட்டுக்காரர்களே கூப்பிட்டார்கள் என்பது முதல் காரணம். கூப்பிட்டவர் பெயர் என்ன என்று கேட்டேன். விருந்துக்கு அழைத்தவர் வாசலில் நின்று வரவேற்பார். இங்கே அந்நாட்டுத் தலைவரையே பிடித்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனதாக அல்லவா செய்தி?

ஒளித்து வைத்த ஆயுதம் அகப்பட்டது என்பது இரண்டாவது. டாங்கியில் வந்து இறங்கியவரே கண்டெடுத்து, அவரே சாட்சியும் சொல்லலாமா?

மேற்கே இருக்கும் எதிரி நுழைவதற்குள் முந்திக்கொண்டோம் என்பது மூன்றாவது. எதிரி எல்லையில் இருந்தால், டாங்கி தலைநகரத்து ரேடியோ நிலைய வாசலில் ஏன் நிற்கிறது?

உதவிக்குத்தான் வந்தோம், அமைதியானதும் போய்விடுவோம் என்பது நான்காவது. அமைதியாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்பவர் யார்?

4. ரெத்தினம் என்மேல் கோபப்பட்டார். அவர் நல்ல மனிதர், எங்கள் தெருவுக்காக மூன்று முறை ஜெயிலுக்குப் போனவர். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கா வியட்நாமில் குண்டு போட்டுவிட்டு, கூப்பிட்டதால்தான் போனோம் என்றபோதும் இதே பலகையில் இதே கேள்வியைத்தான் எழுதினேன். அன்றைக்கு என் தோளில் தட்டி இரண்டாவது டீ வாங்கிக் குடித்தார். கேள்வி மாறவில்லை, ஐயா. உட்கார்ந்திருக்கும் பெஞ்சுதான் மாறிவிட்டது.

5. இம்மாதம் மூன்றாம் தேதி நடந்ததற்கு வருகிறேன். அகரவெளி கீழத்தெருக்காரர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, பஞ்சநதம் அவர்களின் குறுவை அறுப்புக்குப் போகாமல் இருந்தார்கள். அன்று காலை எங்கள் ஊரிலிருந்து அவருடைய பண்ணை ஆட்கள் அறுபது பேர் தடியோடு மதகைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பண்ணைக் காரியக்காரர் சாமிதுரை என் கடைக்கு எதிரே ரோட்டில் நின்று, ஊராருக்குக் காரணம் சொன்னார். நான்கு காரணம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

தெருக்காரர்களே கூப்பிட்டார்களாம். ஒன்பது கைநாட்டு வைத்த காகிதத்தை எட்ட நின்று காட்டினார். அது போன வருஷம் களத்தில் கூலி நெல் வாங்கும்போது வைத்த கைநாட்டு என்று அதில் ஒன்றுக்குச் சொந்தக்காரியான தங்கம்மாள் சொல்கிறாள்.

வீடுகளில் நாற்பத்தாறு ஆயுதம் அகப்பட்டதாம். எல்லாம் கருக்கரிவாள். போன வருஷம் பஞ்சநதம் அவர்கள் வயலை அறுத்தபோது அது அரிவாள். இந்த வருஷம் அறுக்காமல் கூரையில் செருகி வைத்ததால் ஆயுதம்.

பூதலூர்ப் பக்கமிருந்து வெளியாட்கள் கதிரைக் கொளுத்த வருகிறார்களாம். அப்படியானால் வயலில் அல்லவா காவல் இருக்க வேண்டும்? அறுபது பேரில் ஒருவரும் வரப்பில் இல்லை. மதகில் நிற்பவர்கள் போக, மற்ற எல்லோரும் பெண்கள் தண்ணீர் எடுக்கும் கிணற்றடியில் இருக்கிறார்கள்.

தெரு அமைதியானதும் போய்விடுவார்களாம். அங்கே இப்போது நாய்கூடக் குரைப்பதில்லை. இதற்கு மேல் என்ன அமைதி வேண்டும் என்று விளங்கவில்லை.

6. மறுநாள் பலகையைத் துடைத்து, ஆகஸ்டில் எழுதியதை ஓர் எழுத்து மாற்றாமல் திரும்ப எழுதினேன். தலைப்பும் செக் நாட்டுச் செய்தி என்றேதான். பஞ்சநதம் அவர்களை நினைத்து எழுதினாயா என்று கேட்டால், ஆமாம். பொய் சொல்லி மனுப் போடும் வழக்கம் எனக்கில்லை. ஆறாம் தேதி ரெத்தினம் வந்து பலகையை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு, "அண்ணே, அந்த ஆயுதக் கேள்வி மட்டும் சரியாத்தான் இருக்கு" என்றார். ஆனால் புகாரைத் திரும்பப் பெறவில்லை.

7. இவ்வளவும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவதற்குச் சிரிப்பு வரவில்லை. என் ஒரே மகள் அம்சம் அந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் பார்க்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று நர்சம்மா போன மாதமே சொல்லியிருக்கிறார். ஏழாம் தேதி நாள் பார்த்து, என் மனைவி ரெங்கம்மாள் கட்டுச்சோறு கட்டிக் கொடுக்க, மகளை அழைத்துவர வண்டி கட்டிப் போனேன். மதகில் மறித்தார்கள். யார் கூப்பிட்டு வருகிறாய் என்று கேட்டார்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு அழைப்பு எதற்கு என்றேன். தூக்குவாளியைச் சோதிக்க வேண்டும் என்று வாங்கினார்கள். சோதனை முடிந்தபோது வாளி காலி. என் கடை டீயைத் தொடாதவர்கள் என் வீட்டுப் புளிச்சோற்றைத் தின்றார்களே, அது ஒன்றுதான் இந்தப் பதினொரு நாளில் நடந்த சீர்திருத்தம். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

8. மறுநாள் சாமிதுரை வந்து, பலகையை அழித்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போ என்றார். என் கை துணியை எடுத்துவிட்டது, ஐயா. மறைக்கவில்லை. அந்தத் தெருவிலிருந்து வாய்க்காலில் துணி அலச வரும் காளியம்மாளிடம், நாளைக்கு வருகிறேன் என்று மகளுக்குச் சொல்லியனுப்பினேன். எப்படி வருகிறேன் என்பதையும் சொல்லச் சொன்னேன். மகள் திருப்பிச் சொல்லியனுப்பியதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா அதை அழிச்சுட்டு வந்து நின்னா நான் வண்டி ஏறமாட்டேன்னு சொல்லுங்க அத்தை. இங்க இருக்கிற நாப்பத்தாறு வீட்டுக்கும் சேர்த்துத்தான் அப்பா எழுதியிருக்கு. நான் மட்டும் எறங்கிப் போறதா?"

துணியைக் கீழே வைத்துவிட்டேன். ரெங்கம்மாள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் அவளே ஈரத்துணியால் பலகையின் சட்டத்தை மட்டும் துடைத்து, வெளுத்துப்போன எழுத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதச் சொன்னாள்.

9. ஆகவே தாங்கள் கருணை காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. வந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். கைநாட்டுக் காகிதத்தை வாங்கி அந்த ஒன்பது பேர் முன் படித்துக்காட்டவும். நாற்பத்தாறு அரிவாளையும் எண்ணிப் பார்த்து உரியவர்களிடம் கொடுக்கவும். கிணற்றடியில் இருப்பவர்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பவும். கடை புறம்போக்கில் இருப்பது உண்மை. எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், அந்த அறுபது பேரை எடுத்த மறுநாள் வந்து எடுக்கவும். நானே ஒரு பக்கம் பிடிக்கிறேன். பலகையை நான் அழிக்கமாட்டேன்.

வரும் புதன்கிழமை, 16-ஆம் தேதி காலை பத்து மணிக்கு மதகைத் தாண்டுவேன். கையில் தடி இருக்காது. வண்டியில் வைக்கோலும் தலையணையும் இருக்கும். நடக்க முடியாதவன் என்பதால் வண்டியிலேயே வருவேன், இறங்கச் சொன்னால் இறங்கமாட்டேன். ஒரே ஒரு போலீஸ்காரர் மதகில் நின்றால் வண்டி சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். நிற்காவிட்டாலும் வண்டி கிளம்பும்.

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
சா. மருதையன்
(சொந்தக் கையெழுத்து)

இடம்: நெடுங்கரை மதகடி
தேதி: 14-10-1968