அமர்ந்திருப்பவரைத் தொடலாகாது

19 நவம்பர் 1961, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி ஒடிந்தது. சரிசெய்யக் கொடுக்க வேண்டும்.

தியான சபையில் கூட்டம் அதிகம். சபையைத் தொடங்கிய முசியேயின் நெல்லித்தோப்பு வீட்டை விட்டு முதலியார்பேட்டைக்குக் கட்டடம் கட்டிப் போனபின் ஞாயிறு என்றாலே கல்யாண வீடு. செருப்புக்கு டோக்கன். பம்பாயிலிருந்து இருவர். ஒரு வெள்ளைக்கார மதாம், பிரெஞ்சுக்காரி. அவளிடம் பேச, பிரெஞ்சு தெரிந்த என்னை ஆச்சாரியர் கூப்பிடவில்லை. தானே இங்கிலீஷில் விளக்கினார். அவளுக்கு இங்கிலீஷ் அரைகுறை, எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இப்போது சபையை நடத்தும் இவர் சென்னையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலம் கட்டியவர் தியானத்துக்கும் படி கட்டிவிட்டார். ஏழு படி.

முன்வரிசையில் சிங்காரவேலு, வெள்ளைச் சால்வையோடு. ஐந்தாம் படிக்காரர்களுக்குத்தான் சால்வை. கொலேழ் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாங்கள். ஐம்பத்து நாலில் முசியே வீட்டில் முதல் நாள் உட்கார்ந்தவர்களிலும் நாங்கள் இருவர் உண்டு. அவனுக்கு ஐந்து, எனக்கு மூன்று. பழைய ஆள் என்ற தயவில் என் பாய் அவனுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி.

மணி அடித்து எல்லோரும் எழுந்தோம். சி. எழவில்லை. தலை சாய்ந்து, வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில். ஆச்சாரியர் கையை உயர்த்தினார். "யாரும் தொடாதீங்கோ. ஆழத்துல இருக்கார்." மதாம் கண் கலங்கினாள். யாரோ ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்கள். வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள். நான் விழவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

சாப்பாட்டு வேளைக்கு மேல் அன்னம், அவன் மனைவி, தேடிக்கொண்டு வந்தாள். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். நேரே போய் அவன் தோள்களைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா, தொடக் கூடாது" என்று நாலைந்து குரல்.

"எம் புருசனை நான் தொடறேன். நீங்கள்ளாம் யாரு?"

அவன் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான்.

ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். பக்கவாதம். வலக்கை, வலக்கால், பேச்சு எல்லாம் போய்விட்டது.

இரவு சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத வந்தேன். இறங்கியது. ரசம் இரண்டு தரம்.


20, திங்கள்

மழை விட்டது. ஆபீசில் புது அதிகாரி, என் மகன் வயசு, நான் எழுதிய குறிப்பைத் திருப்பி அனுப்பினான். இங்கிலீஷ் சரியில்லையாம். பிரெஞ்சு சர்க்கார் இருந்தபோது என் குறிப்பைத் திருத்த ஊரில் ஆள் கிடையாது. இப்போது ஃபைலுக்கு நூல் கோர்க்கிறேன். சரி, அது வேறு கதை.

நாளெல்லாம் சபையின் முதல் விதி மண்டைக்குள். "அமர்ந்திருப்பவரைத் தொடலாகாது, அழைக்கலாகாது." என் வாக்கியம். முசியே இறந்த மறு வருஷம் விதிகள் எழுதித் தரச் சொன்னார் ஆச்சாரியர். எழுதினேன். அச்சானபோது என் பெயர் இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நேற்றிலிருந்து பெயர் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்று தோன்றுகிறது. இப்படியும் ஒரு மனுஷன்.

முசியே இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். சைகோனில் சுங்க இலாகாவில் இருந்துவிட்டு வந்தவர். மனைவி போனபின் வீட்டுச் சத்தம் தாங்கவில்லை, சத்தமில்லாததும் தாங்கவில்லை என்று எங்களை உட்கார அழைத்தார். படம் கிடையாது, விளக்கு கிடையாது, படி கிடையாது. "உக்காருங்க. தூங்குனா பக்கத்துல இருக்கறவன் இடிக்கணும். அதான் இங்க சட்டம்." அவரே விசிறிக் காம்பால் இடிப்பார். முடிந்ததும் காப்பி.

ஒரு நாள் வெள்ளைக்கார ஜட்ஜும் மனைவியும் வந்திருந்தபோது எனக்கு விலாவில் ஒரு இடி. பன்றிபோல ஒரு சத்தம் போட்டு விழித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சி. சிரித்ததுதான் அதிகம். விதி எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்தது இதுதான். இப்போது அதற்கு ஆச்சாரியர் ஒரு மணி நேரம் உட்பொருள் சொல்கிறார். மதாம்கள் குறித்துக்கொள்கிறார்கள்.


22, புதன்

ஆஸ்பத்திரி. சாத்துக்குடி வாங்கிப் போனேன். சி. கண் திறந்திருக்கிறது. என்னைத் தெரிகிறதா, தெரியவில்லை. அன்னம் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரை வராந்தாவில் பிடித்தேன்.

"சீக்கிரம் கொண்டாந்திருந்தா?"

"சொல்ல முடியாதுங்க. கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். இப்படியேவும் ஆகியிருக்கலாம்."

ஆமாம் என்றாவது, இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டில் என் மனைவி பாக்கியம் கேட்டாள், "பக்கத்துல உக்காந்திருந்த உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?" கண்ணை மூடியிருந்தேன் என்றேன்.

மூடியிருக்கவில்லை. ஞாயிறு எழுதியதில் இதை விட்டுவிட்டேன். மணி அடிப்பதற்கு வெகு நேரம் முன்னால் என் முழங்காலில் ஏதோ பட்டது. சி.யின் இடக்கை. விரல் தேடித் தேடித் தட்டியது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சால்வை நழுவியிருந்தது. வாய் கோணியிருந்தது. எனக்குத் தோன்றியது இது: மதாம் பார்க்கிறாள் என்று நடிக்கிறான், சால்வையை எடுத்துப் போர்த்திவிட நான் வேண்டுமாம். பாயைத் தள்ளி நகர்ந்து உட்கார்ந்தேன். விதிப்படி தொடவில்லை. கை இன்னொரு முறை வந்தது. தரையில் தட்டிற்று. நின்றது.

நகர்ந்து உட்கார்ந்தபோது மனசுக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது. அதைத்தான் எழுத முடியாமல் இருந்தது.


24, வெள்ளி

குடை வந்துவிட்டது. ஒழுகுகிறது.

சாயங்காலம் காதர் பாய் ஜவுளிக்கடை. அவரும் முதல் நாள் ஆட்களில் ஒருவர். முசியே படத்துக்கு மாலையும் கற்பூரமும் வந்த வாரத்தோடு நின்றுவிட்டார். யாரும் போய்க் கூப்பிடவில்லை. நானும்தான். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நாயகம், பேசாம இருக்கறதுக்குத்தான் அங்க வந்தேன். இப்ப நாளெல்லாம் பேசறாங்களாம். ஒருத்தன் விழுந்தா மட்டும் வாயத் தொறக்க மாட்டாங்களாமே."

அடுக்கிலிருந்த வேட்டியைப் புரட்டினேன்.

"நீ எங்க இருந்தே?"

"பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

"ஆச்சாரியர் சொல்லிட்டாரு பாய், தொடக் கூடாதுன்னு."

"அவரு சொன்னது மணி அடிச்சப்பறம். அதுக்கு முன்னாடி?"

மூக்குக் கண்ணாடிக்கு மேல் பார்த்தார். மற்றதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு அம்மாள் பாவாடைத் துணி கேட்டு வந்தாள். அவள் போனபின் பாய் சொன்னார், "வேட்டி வாங்க வந்தியா, பாவமன்னிப்பு வாங்க வந்தியா? அதுன்னா கோயில் அந்தத் தெருவுல இருக்கு. பாதிரியார் இப்ப இருப்பாரு." பிறகு குரலை இறக்கி, "என்னாண்ட சொல்லி என்னா ஆவப்போவுது. அந்தப் பொண்ணுகிட்ட போயி சொல்லு."

வேட்டி வாங்கினேன். தேவையில்லை.


26, ஞாயிறு

தூறல். சபைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சி.யின் பாயை வெறும் பாயாக விரித்து, அதன்மேல் சால்வையை மடித்து வைத்திருந்தார்கள். பூ.

ஆச்சாரியர் அறிவித்தார்: சிங்காரவேலு ஆறாம் படியை எட்டிவிட்டார், உடம்பு அதன் விலை, பேச்சு ஒடுங்கியது அதன் அடையாளம். மோசமான மனுஷர் இல்லை இவர். நம்பித்தான் சொல்கிறார். குரல் தழுதழுத்தது. புது வருஷத்துக்கு சி.யை நாற்காலியில் தூக்கிவந்து மேடையில் உட்கார வைக்கப்போகிறார்களாம். எனக்குப் பின்னால் ஒரு பெண், "நமக்கெல்லாம் அப்படி ஒரு நாள் வாய்க்குமா" என்றாள்.

எழுந்து சொல்லியிருக்கலாம். மூன்றாம் படிக்காரனுக்குப் பொறாமை என்பார்கள். பொறாமைதான். அதனால் பொய்யாகிவிடுமா?


30, வியாழன்

சி. வீட்டுக்கு வந்துவிட்டான். போனேன். கூடத்தில் கட்டில். சுற்றிலும் சபை ஆட்கள், கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். சீப்புச் சீப்பாகப் பழம். அன்னம் அடுக்களைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"தினம் வராங்க அண்ணே. கும்புடறாங்க, உக்காராங்க, போறாங்க. திருப்பிப் படுக்க வைக்கணும், ஒரு கை குடுங்கன்னு கேட்டா, நாங்க தொடக் கூடாதும்மான்றாங்க. என்னால ஒண்டியா முடியல."

"ஆச்சாரியர் கிட்ட சொல்றேன்."

"அவருகிட்ட என்னாத்த சொல்றது. அவரு நல்லவருதான். வாசல்லயே நின்னு கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போறாரு."

சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பால் பொங்கியது, அவள் திரும்பினாள், நான் வந்துவிட்டேன். கட்டிலைத் தாண்டும்போது நானும் கும்பிட்டேன். கை தானாகப் போனது.


3 டிசம்பர், ஞாயிறு

வெயில், நாலு நாளுக்குப் பிறகு.

சபை. பாதி நேரம் ஆகியிருக்கும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இப்போது மூட முடிவதில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு கிழவர், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சொல்தா, பழைய சிப்பாய். பட்டாளத்து மீசை. தலை மார்பில் தொங்கியது, பிறகு ஒரு பக்கமாகச் சரிந்தது. வாய் திறந்திருந்தது. எழுந்தேன். இரண்டு பேரைத் தாண்டினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எவன்டா அவன்? ராத்திரிப் பூரா இருமல். இப்பதான் கண்ணசந்தேன், அது பொறுக்கல உனக்கு?"

யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். தூங்கித்தான் போயிருந்தார்.

ஆச்சாரியர் கோபப்படவில்லை. "தெய்வநாயகம், முதல் விதி உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நான்தான் எழுதினேன்."

"எழுதினது உங்க கை. கொடுத்தது மேலேருந்து."

கொஞ்ச நாள் வர வேண்டாம், மனசு அடங்கட்டும் என்றார். டோக்கனைக் கொடுத்துச் செருப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். பீச்சு வரை நடந்தேன். நிமிர்ந்து நடந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஏதோ ஒன்றைச் செய்துவிட்டவன்போல. வீடு வரும்வரை இருந்தது அது.


4, திங்கள்

ஆபீசுக்கு முன்னால் சி. வீடு. காலை நேரம், சபை ஆட்கள் வந்திருக்கவில்லை. அன்னம் துணி நனைத்துக்கொண்டிருந்தாள். பூக்காரி மூலம் செய்தி அதற்குள் வந்துவிட்டிருந்தது.

"யாரோ தாத்தாவத் தொட்டு எழுப்புனீங்களாமே, அண்ணே."

"ஆமாம்மா."

"நேத்து எழுந்த காலு அன்னைக்கு எங்க போச்சு?"

திட்டுவதுபோல் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

சொன்னேன். நின்றபடியே. கை வந்தது, முழங்காலில் தட்டியது, பாயை நகர்த்திக்கொண்டேன்.

"என்னாத்துக்கு?"

"நடிக்கிறான்னு நெனச்சேன்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சி. விழித்துத்தான் இருந்தான். கேட்டிருப்பான். எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. அன்னம் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொன்னால் போய்விடலாம்.

"வெந்நீர் ஆறுது" என்றாள். "சட்டையக் கழட்டி வச்சிட்டு அந்தப் பக்கம் புடிங்க."

கழற்றினேன். பிடித்தேன். இவ்வளவு கனப்பான் என்று நினைக்கவில்லை. திருப்பியபோது முதுகுக்குக் கீழே புண், காசளவு, சிவந்து. அவள் அதற்கு முன் பார்த்திருக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க இடத்தோளையே துடைத்துக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே துடைத்த இடத்தை.

"போதும் அங்க. அக்குளத் தொடைங்க" என்றாள்.